ஆஜர் பட்டியலின் கடைசிப் பெயர்

யார் கூப்பிட்டாலும் ஒரு மூச்சு தள்ளியே பதில் சொல்லும் என் நைனாவுக்கு,

உன் பெயரைச் சங்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே. உன்னுடையதை மட்டுமல்ல, போய்ச் சேர்ந்த அத்தனை பேருடைய பெயரையும் எடுத்தாயிற்று. நீ பார்த்துப் பார்த்து எழுதிய பைலாவை, அந்தச் சங்க விதிகளைத் திருத்தி, பதிவு அலுவலகத்தில் முத்திரையும் வாங்கிவிட்டேன். அதைத் திருத்திய கூட்டத்துக்கு நீயும் வந்திருந்தாய் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் பாதிக் கதை உனக்கே தெரியும். ஆனாலும் எல்லார் முகத்தையும் பார்த்தபடி நின்றவள் நான். அங்கிருந்து அது எப்படி இருந்தது என்று நீ கேட்க வேண்டாமா?

நாம் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். பொறுத்துக்கொள்.

பட்டாளத்தில் காலம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களை அந்த நாளில் ராணுவம் முழுசாக விட்டுவிடாது. ரிசர்வ் என்று வைத்திருக்கும். தந்தி வந்தால் ஏரை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டைக்கு அப்படிக் கிளம்பிப் போனவர்கள் நீங்கள். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்துக்குத் திரும்பி வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து ஏரிக்கரை மதகு ஓரத்தில் ஒரு கட்டடத்தைப் போட்டு, ரிசர்வ் படைவீரர் சங்கம் என்று பலகை மாட்டினீர்கள். திரும்பி வராதவர் ஒருவர்தான், மாகறல் வேதாசலம். அவர் செத்ததை யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவருக்காகத்தானே நைனா நீ அந்த விதியை எழுதினாய்? உறுப்பினர் தாமே எழுதிக் கொடுத்தாலொழிய அவர் பெயரை நீக்கக் கூடாது என்று. அந்த ஒருவரைக் காப்பாற்றப் போட்ட விதி எல்லாரையும் பிடித்துக்கொண்டது. யார் செத்தாலும் பெயரை எடுக்க முடியவில்லை. செத்தவன் எப்படி எழுதிக் கொடுப்பான்? இதைக்கூட யோசிக்காமல் ஒரு ஹவில்தார் சட்டம் எழுதியிருக்கிறாரே என்று நீ இருக்கும்போதே உன்னைக் கேலி செய்திருக்கிறேன். “அப்போ யாரும் சாவறதா இல்லம்மா” என்று சிரிப்பாய்.

மாதக் கூட்டத்தில் பட்டாளத்து வழக்கப்படி ஆஜர் எடுப்பீர்கள். இருப்பவர் பெயர், இல்லாதவர் பெயர் எல்லாம் வரும். இல்லாதவருக்கு மனைவியோ மகனோ கூடவே கிடந்த சிநேகிதரோ ‘ஹாஜர் சாப்’, அதாவது வந்திருக்கிறேன் ஐயா, என்று பதில் சொல்வார்கள். புது ஆள் சேரும்போதெல்லாம் வேதாசலத்தின் பெயரைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் வைப்பீர்கள். எல்லாருக்கும் பிறகு வந்து சேரப்போகிறவன் அவன்தான் என்பது உங்கள் கணக்கு. அவருக்கு அவர் மனைவி தனபாக்கியம் பெரியம்மாதான் பதில் சொல்வாள். மாகறலிலிருந்து பஸ் பிடித்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவாள்.

நீ போன பிறகு சங்கத்துக் காகிதமெல்லாம் தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாள் பதிவு அலுவலகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். ரிசர்வ் ஆள் இல்லாத காலத்தில் ரிசர்வ் ஆள் மட்டுமே சேரலாம் என்கிற சங்கத்தைப் புதுப்பிக்க முடியாதாம். அங்கே இருந்த அம்மா நல்ல மாதிரிதான். “பொண்டாட்டிங்க, புள்ளைங்க எல்லாம் சேரலாம்னு திருத்திக்கினு வாங்க. செத்தவங்க பேரை எடுத்துடுங்க. இல்லாங்காட்டி சங்கமும் போயிடும், அந்தக் கட்டடமும் போயிடும்” என்றார்.

பைலாவைத் திருத்தப் பட்டியலில் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வர வேண்டும். அதையும் நீதான் எழுதியிருக்கிறாய். பட்டியலில் உயிரோடு இருப்பவர்களோ முன் வரிசை நாற்காலிகளைக்கூட நிரப்ப மாட்டார்கள். அதைச் சொன்னதும் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்போ செத்தவங்க வந்தாத்தான் செத்தவங்க பேரை எடுக்க முடியும்.” பிறகு பைலாவை இன்னொரு தடவை புரட்டி, “பேரைக் கூப்புடும்போது பதில் சொன்னவரே வந்தவர்னு இதுல கீதே. எப்பவும் வூட்டு ஆளுங்கதானே பதில் சொல்றாங்க? அவங்களை வரச் சொல்லுங்க” என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. எல்லார் வீட்டுக்கும் சொல்லியனுப்பினேன்.

தனபாக்கியம் பெரியம்மா மட்டும் கடைக்கே வந்துவிட்டாள். நான் டைப் செய்து வைத்திருந்த புது பைலாவைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

“இதுல எம் பேரு இன்னான்னு வரும்?”

“விதவை உறுப்பினர்னு ஒரு பிரிவு கீது பெரியம்மா. அதுல வருவ. இனிமே அவுரு பேருக்கு நீ பதில் சொல்ல வேணாம். உன் பேரையே கூப்புடுவோம்.”

“நான் விதவன்னு எவன் சொன்னான்?”

“எவனும் சொல்லல. மாதிரி பைலான்னு ஆபீஸ்ல ஒண்ணு குடுத்தாங்க. காணாமப் போயி இத்தினி வருசம் ஆயிட்டா எறந்தவராக் கருதணும்னு அதுல ஒரு வரி கீது.”

“அவங்க கருதிக்கட்டும். எம் புருசன அவங்களா கட்டிக்கினாங்க?”

உனக்குத் தெரியும், புருஷன் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டால் பென்ஷன் தருவதாக அரசாங்கம் நீட்டிய காகிதத்தில் அவள் கடைசிவரை கைநாட்டு வைக்கவில்லை. நடவுக்கும் களையெடுக்கவும் போய்த்தான் வயிற்றைக் கழுவினாள். ஆடிப் பெருக்குக்கு ஆடிப் பெருக்கு செய்யாற்றங்கரையில் தாலிக் கயிறு மாற்றிக்கொள்கிறாள். ஊர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டே மாற்றிக்கொள்கிறாள். இத்தனையும் தெரிந்திருந்தும் எனக்குப் பொறுமை போய்விட்டது. “உன் ஒருத்தியால மத்த பொம்பளைங்க எல்லாம் நடுத்தெருவுல நிக்கணுமா?” என்று கேட்டுவிட்டேன்.

“நான் யாருக்கும் கெடுதல் பண்ண மாட்டேம்மா. கூட்டத்துக்கு வரேன். எப்பவும் போல அவுரு பேருக்கு ஹாஜர் சொல்றேன். சொன்ன பொறவு நீங்க பேரை அடிச்சிக்குங்க” என்றாள். அவள் சம்மதம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தோம். முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மா அதற்கு முன்பே வந்து நம் வீட்டில் தங்கிவிட்டாள். காலையில் பார்த்தால் ஏரி மதகுவரை தண்ணீர். கரண்ட் இல்லை. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டோம். பட்டப்பகல் பதினோரு மணிக்குக் கட்டடத்தின் பின்பாதி இருட்டாகக் கிடந்தது. வாசலில் எப்போதும் படுத்திருக்கும் நாய்களை அன்றைக்குக் காணோம். மழைக்கு ஒதுங்க வேண்டியவை எங்கே போயின என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

முன் வரிசையில் உன் சிநேகிதர்கள் நாலைந்து பேர். தலைவர் சுபேதார் ராமலிங்கம் மாமா என் பக்கத்து நாற்காலியில். கடைசி வரிசை ஓரத்தில் பெரியம்மா. வாலாஜாபாத் பக்கமிருந்து மேரி அக்கா எல்லாக் குடும்பத்தையும் ஒரு வேனில் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாகக் காலையிலேயே போன் செய்திருந்தாள். மேரி அக்காவை இந்த வட்டாரத்தில் யாருக்குத் தெரியாது? அவள் வீட்டுக்காரர் அந்தோணி உன்னோடு ஒரே லாரியில் போனவர்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். கிட்டத்தில் படிக்கிற கண்ணாடியைப் போட்டிருந்த எனக்கு இருட்டில் உருவம் ஏதும் தெரியவில்லை. வேன் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். “ஆரம்பிக்கலாம்” என்றார் மாமா. செல்போன் வெளிச்சத்தில் பட்டியலைப் பிடித்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தேன்.

முன் வரிசைக்காரர்கள் சொன்னார்கள். அடுத்துச் செத்தவர் முதல் பெயர். பின்னாலிருந்து ‘ஹாஜர் சாப்’ என்று வந்தது. அடுத்தது. அதற்கும் வந்தது. குரல்கள் தாழ்ந்துதான் இருந்தன. ஆனால் மழை இரைச்சலுக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டன. நான் தலை நிமிராமல் டிக் அடித்துக்கொண்டே போனேன். லான்ஸ் நாயக் அந்தோணி என்றேன். பதில் வந்தது. ஆம்பிளைக் குரலாக இருக்கிறதே, மேரி அக்கா மகனைப் பேசச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். மனசு தானாகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தேடிக் கொடுத்தது நைனா.

பிறகு உன் பெயர் வந்தது.

உனக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். கூப்பிடுகிறவளும் நானே, பதில் சொல்கிறவளும் நானே. இது என்ன கூத்து என்று வீட்டில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். “ஹவில்தார் ஏழுமலை” என்றேன். வாயைத் திறந்தேன். ஒத்திகை பார்த்த வார்த்தை வரவில்லை. ஒரு மூச்சு நேரம் போயிருக்கும்.

“ஹாஜர் சாப்.”

பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போன மனுஷன், கூப்பிட்டது தன்னைத்தானா என்று யோசித்துவிட்டுச் சொல்லும் பதில். அந்தத் தாமதத்தோடு நான் வளர்ந்திருக்கிறேன். அது எனக்குத் தெரியாதா?

மாமா என்னை இரக்கப்பட்டுக் காப்பாற்றிவிட்டார் என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதாக அவர் நினைத்திருப்பார் போல. நிறுத்தினால் இன்னும் பயமாக இருக்கும் என்று தோன்றியது. தலையை நிமிர்த்தாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அதற்கும் பதில் வந்தது.

கடைசியில் வேதாசலம்.

கூப்பிட்டேன். பெரியம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. கோர்ட்டில் கூப்பிடுவது போல மூன்று தடவை கூப்பிட்டேன். அத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருந்த குரல்களில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. என் மேல் உள்ள கோபத்தில்தான் பெரியம்மா வாயைத் திறக்கவில்லை என்று நினைத்தேன்.

தீர்மானத்துக்குக் கையைத் தூக்கச் சொல்ல மாமா எழுந்தபோது என் போன் அடித்தது. மேரி அக்கா.

“செல்வி, நாங்க தரைப்பாலத்தாண்டயே நின்னுகினுகீறோம். தண்ணி மேல போவுது. வேன் வராதுன்னுட்டான். ஒரே பேஜாராப் பூட்ச்சி. கூட்டத்தை வேற நாளைக்கு வெச்சிக்கலாமா?”

“யாரெல்லாம் அங்க கீறீங்க?”

“எல்லாரும்தாம்மா. ஒருத்தர் பாக்கி இல்ல.”

மாமா எழுந்து போய் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார். பெரியம்மா உட்கார்ந்திருந்ததைத் தவிரப் பின் வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. போட்ட இடத்தில் இல்லை. நடுவில் கொஞ்சம் நெருங்கியிருந்தன, ஆட்கள் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்துபோன மாதிரி. நாங்கள் வந்த வழியெல்லாம் சேறும் ஈரமுமாக இருந்தது. அந்த நாற்காலிகளுக்குக் கீழே தரை காய்ந்திருந்தது.

முன் வரிசையில் யாரும் எழுந்து ஓடவில்லை. பயந்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா நிதானமாக வந்து உட்கார்ந்தார். “நானும் கேட்டேன். பதில் சொன்னவன் வந்தவன். எழுதிக்கோ” என்றார்.

கடைசி வரிசையிலிருந்து பெரியம்மா எழுந்து வந்தாள். அந்த இருட்டில் அத்தனை நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். என்ன பார்த்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“எல்லாரும் வந்தாங்க செல்வி. இவுரு மட்டும் வரல.”

“பெரியம்மா, நீ ஏன் சொல்லல?”

“சொல்லணும்னுதான் குந்திக்கினு இருந்தேன். ஒங்க நைனா சொன்னதக் கேட்டதும் வாய மூடிக்கினேன். ஒவ்வொருத்தரா சொல்லிக்கினே வராங்களே, அங்க இருந்தா இவுரும் சொல்லுவாரு இல்ல? மூணு வாட்டி கூப்ட்டியே, சொன்னாரா?”

“இல்ல.”

“அப்ப அவுரு அங்க இல்ல. அந்த வரிய அடி.”

காணாமற்போனவரை இறந்தவராகக் கருதணும் என்று மாதிரி பைலாவிலிருந்து நான் எடுத்துப் போட்டிருந்த அந்த வரியை அங்கேயே பேனாவால் அடித்தேன். காணாமற்போனவர் பெயர் அவர் வந்து சொல்லும்வரை பட்டியலில் இருக்கும் என்று பக்கத்தில் எழுதினேன். உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். பெரியம்மா அன்றைக்குச் சாயங்காலம் மழை விட்டதும் கடைத்தெருவுக்குப் போய் கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அலுவலகத்து அம்மா எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் கடைசிப் பெயரில் நிறுத்தினார். “பழைய ஆளுங்கள்ல செத்தவங்க பேரெல்லாம் எடுத்துட்டீங்க. இவரு பேரு மட்டும் ஏன்?”

“அவரு கூட்டத்துக்கு வரலீங்க.”

“செத்தவங்கதானே வர மாட்டாங்க?”

“இல்லீங்க. செத்தவங்க வந்தாங்க.”

மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது நானும் உறுப்பினர் நைனா. மகள்களும் சேரலாம் என்று போட்டிருக்கிறோம். மாதக் கூட்டத்தில் மேரி அக்கா தன் பெயருக்குத் தானே பதில் சொல்கிறாள், அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி. பெரியம்மாவுக்கு எந்தப் பிரிவு என்று தெரியாமல் சும்மா ‘தனபாக்கியம், மாகறல்’ என்று மட்டும் போட்டிருக்கிறோம். அவள் பெயருக்கு அவள் சொல்வாள். வேதாசலத்தின் பெயருக்கு இப்போது சொல்வதில்லை. “நான் பேசினா அவுரு பேசறது கேக்காம பூடும்” என்கிறாள். அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பதில் வராது. பெரியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சந்தோஷமாக டீ குடிக்கப் போவாள். ஒரு பதிலும் வரவில்லை என்பதற்காக இவ்வளவு சந்தோஷப்படும் மனுஷியை நீ பார்த்திருக்கிறாயா?

என்னால் அவ்வளவு சுலபமாகச் சந்தோஷப்பட முடியவில்லை. உங்கள் பக்கமும் இல்லை, எங்கள் பக்கமும் இல்லை என்றால் அந்த மனுஷன் இத்தனை வருஷமாக எங்கே நிற்கிறார்? ஏதோ ஓர் ஆற்றங்கரையில், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று நின்றுகொண்டிருக்கிறாரா? நான் மாதாமாதம் கூப்பிடுவது அவர் காதில் விழுந்து, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்துகொண்டிருக்கிறாரா? போன மாதம் அவர் பெயரைச் சொல்லி முடித்தபோது, பின் வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது போல எனக்குக் கேட்டது. பேசுவதற்கு முன்னால் இழுப்போமே, அந்த மூச்சு. பெரியம்மாவும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நான் பட்டியலை மூடிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். ஆள் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் அவள் அந்த இடத்திலேயே விதவையாகிவிடுவாள். அவர் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டால், பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள். ஊர்ச் சேதி எல்லாம் சொல். ஆனால் நான் கூப்பிடும்போது அவர் வாயை உன் கையால் பொத்திக்கொள் நைனா. பெரியம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்வரை அவர் பேசக் கூடாது.

பதிலுக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அதுவரை அவர் பெயரை மெதுவாகத்தான் கூப்பிடுவேன். ஒரு நாள் தனபாக்கியம் என்று கூப்பிட்டுப் பதில் வராமல் போகும். அன்றைக்கு ஏரிக்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி அவரைக் கூப்பிடுகிறேன். அப்போது கையை எடுத்துவிடு.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்,
உன் மூத்த பெண்
செல்வி